டிஸ்க் மாறின பாவம்

…இல்லை ஃபாதர், இல்லை, முதல் அவன்ரை பாவத்தைச் சொன்னால்தான் என்ரை பாவம் உங்களுக்கு விளங்கும். என்ரையை மட்டும் தனியாச் சொன்னால் நான் என்னவோ பெரிய பாவி மாதிரிக் கிடக்கும்.

ஓம், தெரியும். மற்றவையின்ரை பாவத்தை இந்தப் பாவசங்கீர்த்தனக் கூட்டுக்குள்ளை வந்து சொல்லக்கூடாது. ஞானோபதேச வகுப்பிலை நானும் படிச்சனான்தான். ஆனால் புவனேசன் எங்கடை ஆளில்லை ஃபாதர், அவன் பெந்தக்கோஸ்து. அவன் இஞ்சை வந்து முழங்காலிலை நிக்கப்போறதே இல்லை. அப்ப அவன்ரை பாவத்தை ஆர் சொல்லுறது? ஆரோ ஒராள் சொல்லத்தானே வேணும்!

கேக்குது, கேக்குது. வெளியிலை வரிசையிலை நிண்டு சவிரிமுத்து அண்ணை இருமுறார். அது வருத்த இருமல் இல்லை ஃபாதர், என்னைக் கெதியா எழும்பி வா எண்ட இருமல். அவருக்கென்ன அவசரம்? மாசா மாசம் ஒரே பாவத்தைத்தானே கொண்டு வாறார், அவற்றை மனிசியே எனக்குச் சொன்னவ… சரி, சரி. சொல்லேல்லை. விட்டிட்டன்.

நான் மெற்றில்டா. குரலிலையே பிடிச்சிருப்பியள். கடைசியாப் பாவசங்கீர்த்தனம் செய்தது போன தவக்காலம். இப்ப திருவருகைக்காலம் வந்திட்டுது. இடையிலை கோவம், எரிச்சல், பூசைக்கு வாற றோஸ்மலரின்ரை புதுச் சீலையைப் பாத்துப் பொறாமை, ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய் ஒரு கோழிப் பற்றிஸ்… இதுகளை ஒரு கட்டாக் கட்டி ஒரு பக்கத்திலை வையுங்கோ. இண்டைக்குக் கொண்டு வந்தது வேறை.

நான் உங்கை, லண்டன் லூயிஷாமிலை ஒரு கவுன்சில் பள்ளிக்கூடத்திலை லாப் ரெக்னீஷியன். அதெண்டால் என்னெண்டு கேட்டால், ரீச்சர்மார் ஒரு தாளிலை எழுதித் தருவினம்: இயர் ரென் வகுப்பு, மூண்டாம் பாடம், பதினைஞ்சு பீக்கர், பதினைஞ்சு பன்சன் அடுப்பு. நான் அதைத் தட்டிலை அடுக்கி, வண்டிலிலை ஏத்தி, வகுப்பு வாசல்லை கொண்டுபோய் விடவேணும். மணி அடிச்சாப் பிறகு இழுத்துக்கொண்டு வந்து கழுவவேணும். ஒன்பது வருசமாக் கழுவுறன். ஊரிலை கொன்வென்றிலை பதினொரு வருசம் உயிரியல் படிப்பிச்சனான் ஃபாதர்! ஏ-லெவல்! என்னட்டைப் படிச்சதுகளிலை ரண்டு பேர் இப்ப ரொறொன்ரோவிலை டொக்டர்மார். இஞ்சை வந்து சேட்டிபிக்கற்றைக் காட்டினால், திருப்பித் திருப்பிப் பாத்துப்போட்டு "வெரி நைஸ்" எண்டினம். வெரி நைஸ் எண்டால் "போட்டு வா" எண்டு அர்த்தமெண்டது எனக்கு ஆறு மாசத்துக்குப் பிறகுதான் விளங்கினது.

ஓம் ஓம், புவனேசன். அவனிட்டைத்தான் வாறன்.

அவன் சயன்ஸ் ரீச்சர். முப்பத்தைஞ்சு வயசு வரும். கிழக்கு லண்டனிலை பார்க்கிங் எண்ட இடத்திலை இருந்து வாறவன். கோப்பாய்ப் பக்கம், நல்ல சைவக் குடும்பம். அவன் மட்டும் இஞ்சை வந்து மாறிப்போட்டான். மனிசி குமுதினி இப்பவும் திருநீறுதான். படிச்சது பிசிக்ஸ் ஃபாதர். பயோலஜிக்கு ஆளில்லை எண்டு அவனைப் பிடிச்சு அங்கை தள்ளிவிட்டிருக்கினம். தவளையைத் தொடமாட்டான். மாட்டுக் கண் வெட்டிப் பாக்கிற அண்டைக்கு வாசல்லை நிண்டு, கண்ணை மூடிக்கொண்டு, பெடியளைப் பாத்து "கெரி ஓன், கெரி ஓன்" எண்டுவான். பிறகு அந்தக் கண் எல்லாம் ஆர் பொறுக்கிறது? நான்தான்.

சரி, அதைக்கூடப் பொறுத்தன். என்ரை சாமான் வைக்கிற அறையிலை ஒரு பிறிட்ஜ் இருக்கு. அதிலை ஒரு சின்ன மடு மாதா படம் காந்தத்தாலை ஒட்டி வைச்சிருந்தனான். உள்ளுக்கை மாட்டுக் கண்ணும் ஆட்டு ஈரலும், வெளியிலை மாதா. என்ன செய்யிறது, வேறை இடமில்லை. மாதாவும் ஒண்டும் சொல்லேல்லை. ஒரு நாள் இவன் வந்து நிண்டு, தலையைச் சரிச்சுப் பாத்துப்போட்டு, "அக்கா, இது சிலை வணக்கம்" எண்டான். சிலையே இல்லை ஃபாதர்! படம்! மூண்டு விரலகலம்! நான் சொன்னன், "தம்பி, உமக்கு எத்தினை பன்சன் அடுப்பு வேணும், அதை மட்டும் சொல்லும்" எண்டு. அண்டைக்குக் குத்தின முள்ளு. எடுக்கேல்லை.

இப்ப டிவிடிக்கு வாறன். ஒக்ரோபரிலை ஒரு பாசல் வந்தது. ஆரோ ஒரு கூட்டம் இலவசமா அனுப்பினது. உள்ளை ஒரு புத்தகமும் ஒரு டிவிடியும். கூர்ப்பு, பரிணாமம் எண்டு படிப்பிக்கிறியளே, அதிலை ஆயிரம் ஓட்டை, உயிர் எல்லாம் ஒரு அறிவான கை வடிவமைச்சது, ரண்டு பக்கத்தையும் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ எண்டு. எங்கடை சயன்ஸ் பகுதிக்குப் பெரியவர் மிஸ்டர் ஹலம். கடவுள் இல்லை எண்டுறவர். ஆனால் நல்ல மனிசன், கிறிஸ்மஸுக்கு எனக்குச் சொக்லேற் பெட்டி தருவார், கடவுள் இல்லாட்டிலும். அந்தாள் அந்தப் பாசலைப் பாத்து, ஏதோ செத்த எலியைத் தூக்கிற மாதிரி ரண்டு விரலாலை தூக்கி, "மற்றி, பின் இற்" எண்டு என்ரை கையிலை தந்தார். என்ரை பேர் மெற்றில்டா. ஒன்பது வருசமா மற்றி. கால் துடைக்கிற மற் மாதிரி.

பின் எண்டால் குப்பை. நான் குப்பையிலை போடேல்லை. வீட்டை கொண்டுபோய்ப் பாத்தன். அந்தப் பள்ளிக்கூடத்திலை பிறகு அதுக்காகச் சண்டை பிடிச்ச ஆக்களுக்குள்ளை, முழுக்கப் பாத்தது நான் ஒருத்திதான் ஃபாதர். சொல்லக்கூடாது, நல்ல மியூசிக். கடல், மேகம், பிறந்த குழந்தையின்ரை விரல்… பிழையான கதை, வடிவான படம். எங்கடை கூர்ப்பு டிவிடி இருக்கே, அது சரியான கதை. ஆனால் எடுத்து முப்பது வருசம் இருக்கும். ஒரு மனிசன் புகைக்கிற சுங்கானைக் கையிலை பிடிச்சுக்கொண்டு நித்திரைக் குரலிலை கதைப்பார். பாத்தால் குரங்குக்கே கூர்ப்பு வெறுத்துப்போம்.

நான் நம்பினனானோ எண்டு கேக்கிறியளோ? எதை ஃபாதர்? எனக்கு ரண்டோடையும் கோவமில்லை. கொன்வென்றிலை காலமை ஆதாம் ஏவாள், இடைவேளைக்குப் பிறகு கூர்ப்பு. ஒரு பிள்ளைக்கும் சமிக்காமல் போகேல்லை. புவனேசனுக்குத்தான் சமிக்காது. அவனுக்கு உலகம் ஆறு நாளிலை முடிஞ்சு, ஆறாயிரம் வருசமாச்சு. ஆனால் சிலபஸிலை கூர்ப்பு இருக்கு, படிப்பிக்கத்தான் வேணும். மூக்கைப் பொத்திக்கொண்டு கசாயம் குடிக்கிற மாதிரிப் படிப்பிப்பான். "சயன்டிஸ்ற்ஸ் சே…", "சயன்டிஸ்ற்ஸ் சே…" எண்டு. அவையள் சொல்லுகினம், நான் சொல்லேல்லை எண்டு கையைக் கழுவுறது. ஒரு பாடத்திலை முப்பத்தேழு தரம் சொன்னவன். நான் கதவுக்கு வெளியிலை நிண்டு எண்ணினனான்.

…ஏன் நிண்டனோ? வண்டில் எடுக்கப் போனனான் ஃபாதர். வண்டில்.

நவம்பரிலை ஒரு செவ்வாய்க்கிழமை. மூண்டாம் பாடம், இயர் ரென். தாளிலை எழுதியிருந்தான்: கூர்ப்பு டிவிடி, ரீவி வண்டில். கொண்டுபோய் விட்டன். அவன் போட்டான். சுங்கான் மனிசன் வரேல்லை. கடல் வந்தது, மேகம் வந்தது, குழந்தையின்ரை விரல் வந்தது. எப்பிடியோ மாறிப்போச்சு.

…எப்பிடியெண்டோ? வாறன் ஃபாதர், அதுக்குத்தானே வாறன். அந்தரப்படாதேங்கோ.

மாறினால் என்ன செய்யவேணும்? நிப்பாட்டவேணும். "சொறி" எண்டு சொல்லிப்போட்டு என்னைக் கூப்பிடவேணும். நிப்பாட்டேல்லை! இருபத்திரண்டு நிமிசம், முடியுமட்டும் ஓடவிட்டான். அதிலை ஒரு பெட்டை பின்னேரம் போய்த் தேப்பனுக்குச் சொல்லியிருக்கு. தேப்பன் பல்கலைக்கழகத்திலை நத்தையளைப் பற்றி ஆராய்ச்சி செய்யிற மனிசன். மூண்டு பக்கத்துக்குக் கடிதம். இது பள்ளிக்கூடமோ, ஜெபக்கூட்டமோ எண்டு. அது பரவ, மற்றப் பக்கத்தாலை ஆபிரிக்க அம்மாமார் நாலு பேர் பெரிய கேக் ஒண்டு செய்துகொண்டு வந்திட்டினம், நன்றி சொல்ல. ஒரு முஸ்லிம் தேப்பன் வந்து ஒபிசிலை நிண்டு, கடைசியாப் பிள்ளையளுக்கு ஒரு நல்ல விசயம் சொல்லிக் குடுத்தியள் எண்டு கண்ணிலை கிடைச்ச எல்லாருக்கும் கை குடுத்தார். எனக்கும் குடுத்தார். நானும் வாங்கினன்.

அடுத்த கிழமை லோக்கல் பேப்பர்க்காரர். கேற்றடியிலை ஒரு பக்கம் நத்தை மனிசனும் கூட்டாளிமாரும், ஒராள் குரங்கு முகமூடியோடை. மற்றப் பக்கம் அம்மாமார், கடவுள் படைச்சார் எண்டு எழுதின மட்டை பிடிச்சுக்கொண்டு. நடுவிலை பிள்ளையளை றோட்டைக் கடக்கப்பண்ணிற மனிசி, பாவம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பக்கத்துக்கு வாக்குப் போட்டதாப் போயிடும் எண்டு நடு றோட்டிலை விறைச்சு நிண்டா. ஸ்ராப் றூமும் ரண்டாப் போச்சு. மிஸ்டர் ஹலம் வந்து கேக்கைத் தொடமாட்டன் எண்டார். பிறகு ஒருத்தரும் இல்லாத நேரம் ரண்டு துண்டு சாப்பிட்டார், நான் கண்டனான்.

விசாரணை வைச்சவை. எல்லாரையும் கேட்டவை. பிள்ளையளைக் கேட்டினம், மற்ற ரீச்சர்மாரைக் கேட்டினம், ரீவி திருத்திறவனைக் கூடக் கேட்டினம். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை ஃபாதர்! இதுதான் புதினம். அந்த டிஸ்கை வண்டிலிலை கொண்டுபோய் வைச்சது ஆர் எண்டு ஒரு மனிசருக்கும் யோசினை வரேல்லை. தட்டுகள் தானா நடந்து வருதுகள் எண்டு நினைக்கினம் போலை.

புவனேசன் என்ன சொன்னவன் தெரியுமே? "நான் கூர்ப்பு டிவிடியைத்தான் போட்டன். பெட்டியிலை அந்தப் பேர்தான் இருந்தது. உள்ளை கர்த்தர் மாத்திப்போட்டார்." இதைப் பள்ளிக்கூட அதிபருக்கு முன்னாலை சொல்லியிருக்கிறான்! அந்தப் பொம்பிளை என்ன செய்வா? விசாரணை முடியுமட்டும் வீட்டை நில்லும் எண்டு அனுப்பிப்போட்டா. இவன் நேரை போய்ப் பார்க்கிங்கிலை அவையின்ரை சபையிலை ஏறி நிண்டு சாட்சி சொல்லியிருக்கிறான். தானியேலுக்குச் சிங்கத்தின்ரை வாயைக் கட்டினவர், எனக்குக் குரங்கின்ரை வாயைக் கட்டினார் எண்டு. சனம் அழுததாம். ஒரு கம்பளக் கடைக்கு மேலைதான் அவை கூடுற ஹோல். இப்ப படியிலையும் இருக்க இடமில்லையாம்.

…என்ரை பாவமோ? ஓம். இதோ. ஒரு நிமிசம். முதல் ஒரு நல்ல விசயமும் செய்தனான், அதையும் கேளுங்கோ, தராசிலை போடத் தேவைப்படும்.

அவன் போனாப் பிறகு ஏஜென்சியாலை ஒரு பெடிச்சியை அனுப்பினவை, அவன்ரை வகுப்பைப் பாக்க. அவ ஸ்ட்ரெதமிலை இருந்து வரவேணும். முதல் நாளே ரெயின் இல்லை. முப்பது பிள்ளையள், ரீச்சர் இல்லை, பன்சன் அடுப்பு இருக்கு! யோசிச்சுப் பாருங்கோ. மிஸ்டர் ஹலம் தலை தெறிக்க ஓடி வந்து, "மற்றி, ஜஸ்ற் சிற் வித் தெம், ரென் மினிற்ஸ்" எண்டார்.

இருந்தன். இருந்தால், அந்த நத்தை மனிசன்ரை பெட்டை கையை உயத்துது. "மிஸ், அண்டைக்குப் பாத்த டிவிடி உண்மையோ, புத்தகத்திலை கிடக்கிறது உண்மையோ?" முப்பது பேரும் என்னைப் பாக்குதுகள். ஒன்பது வருசத்திலை முதல் தரம் அதுகள் என்னைப் பாத்தது ஃபாதர். முன்னம் வண்டிலைத்தான் பாக்குங்கள்.

நான் எழும்பினன். அலுமாரியைத் திறந்து துளைக்கிற மெசினை எடுத்தன். பழைய செய்திப் பேப்பரிலை நூறு வட்டம் துளைச்சன், வெள்ளைத் தாளிலை நூறு வட்டம். மேசையிலை பேப்பரை விரிச்சு, எல்லாத்தையும் அதுக்கு மேலை கொட்டினன். "நீங்கள் எல்லாரும் குருவியள். சின்னக் கிடுக்கியாலை பொறுக்குங்கோ, அரை நிமிசம்." பொறுக்கிச்சுதுகள். என்ன மிஞ்சும்? வெள்ளை எல்லாம் போச்சு, பேப்பர் வட்டம் பேப்பரோடை பேப்பரா ஒளிச்சுக் கிடக்குது. மிஞ்சினதுகளை எண்ணி, அதுகள் குட்டி போட்டதா வைச்சு, திரும்பக் கொட்டினன். நாலாம் தரம் வெள்ளையே இல்லை. அப்ப ஒரு பெடியன், எந்த நாளும் கடைசி வாங்கிலை நித்திரை கொள்ளுறவன், எழும்பி நிண்டு சொல்லுறான், "மிஸ், ஒருத்தரும் ஒண்டையும் தெரிஞ்செடுக்கேல்லை, ஆனால் தெரிஞ்செடுத்த மாதிரிக் கிடக்கு!" எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. இதைத்தானே நான் பதினொரு வருசம் தமிழிலை கத்தினனான், இயற்கைத் தேர்வு, இயற்கைத் தேர்வு எண்டு!

அந்தப் பெட்டை விடேல்லை. "அப்ப கடவுள், மிஸ்?" எண்டுது. நான் சொன்னன், "பிள்ளை, ஆர் செய்தது எண்டு கேட்டால் அதுக்குக் கோயில் இருக்கு, பள்ளிவாசல் இருக்கு, கொப்பா இருக்கிறார். எப்பிடி நடந்தது எண்டு கேட்டால் இந்த வட்டத்தைப் பாரும். ஆறு நாளோ, நானூறு கோடி வருசமோ, சோதினைக்கு உமக்கு முக்கால் மணித்தியாலம்தான்" எண்டு. சிரிச்சுதுகள். அந்த மற்றப் பக்கத்து அம்மாமாரின்ரை பிள்ளையளும் சிரிச்சுதுகள். மணி அடிச்சும் ஒண்டும் எழும்பேல்லை.

அது பிழையோ ஃபாதர்? இல்லைத்தானே? திருச்சபைக்கே அதிலை சண்டையில்லையே.

…எத்தினை நாளோ? அந்தப் பெடிச்சிக்கு ரெயின் அடிக்கடி பிந்தும். பிறகு காய்ச்சல். மிஸ்டர் ஹலமும் கண்டும் காணாத மாதிரி விட்டிட்டார். ஆறு பாடம். மூண்டு கிழமை.

…அந்த மூண்டு கிழமையும் புவனேசன் வீட்டிலை. ஓம்.

…அந்த மூண்டு கிழமையும் எனக்குத் தெரியுமோ? என்ன தெரியுமோ?

சவிரிமுத்து அண்ணை திரும்ப இருமுறார் ஃபாதர். நான் வேணுமெண்டால் அவரை விட்டிட்டுப் பிறகு… இல்லையோ. சரி.

போன சனிக்கிழமை லூயிஷாம் சந்தையிலை வெண்டிக்காய் முறிச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறன், ஆரோ தோளைத் தொடுகினம். குமுதினி. பார்க்கிங்கிலை இருந்து என்னைத் தேடி வந்திருக்கிறா. கண் எல்லாம் வீங்கி. "அக்கா, இவர் உபவாசம் இருக்கிறார். வேலை போனாலும் பரவாயில்லையாம். பாஸ்ரர் இவரைப் பாரிசுக்கும் ஜெர்மனிக்கும் கூட்டிக்கொண்டு போகப்போறாராம், டிஸ்க் மாறின கதையைச் சொல்ல. அக்கா, எனக்கு அற்புதம் வேண்டாம். இந்த மனிசன் காலமை எழும்பி பஸ் பிடிச்சு வேலைக்குப் போனால் காணும். நீங்கள் அங்கைதானே நிண்டனியள், என்ன நடந்தது எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமே?"

ஃபாதர், ஒரு முழு விசாரணைக்குழு கேக்காத கேள்வியை அந்தப் பிள்ளை வெண்டிக்காய்க் கடையடியிலை நிண்டு கேட்டிட்டுது.

நான்தான் மாத்தினனான்.

தவறுதலா இல்லை. அந்தத் தாளிலை "கூர்ப்பு டிவிடி" எண்டு அவன்ரை எழுத்தைக் கண்டவுடனை மனதுக்கை ஒரு குரங்குப் புத்தி. வீட்டை கொண்டுபோன அந்த மற்ற டிஸ்க் இன்னும் என்ரை கைப்பையிலை கிடக்கு. சுங்கான் மனிசனைக் கழட்டிப்போட்டு அதை அந்தப் பெட்டிக்குள்ளை வைச்சு மூடினன். ஏனெண்டால்… படத்துக்குச் சிலை எண்டு சொன்னவன்தானே, ஒருக்காப் பாப்பம் எண்டு நினைச்சன். உண்மையிலை அவன் நம்பிற கதை திரையிலை வந்தால் நிப்பாட்டுவானோ, விடுவானோ? நிப்பாட்டினால் கர்த்தரை மறுதலிச்ச மாதிரி. விட்டால் சிலபஸை மறுதலிச்ச மாதிரி. சேவல் கூவமுந்தி எந்தப் பக்கம் பாய்வான் எண்டு பாக்கிற ஆசை ஃபாதர். வண்டில் எடுக்க நிக்கேல்லை. கதவுக் கண்ணாடியாலை பாத்துக்கொண்டு நிண்டனான். இருபத்திரண்டு நிமிசமும்.

முதல் அவன்ரை கை றிமோட்டுக்குப் போனது. பிறகு நிண்டுபோச்சு. பிறகு மெல்ல ஒரு கதிரையிலை இருந்தான், பெடியளுக்கு நடுவிலை, அதுகளிலை ஒருத்தன் மாதிரி. முகத்தைப் பாத்தன். கண்ணாலை தண்ணி ஓடுது. அவன் அந்த வகுப்பிலை ஒரு நாளும் ஒண்டையும் நம்பிப் பாத்ததில்லை ஃபாதர். அண்டைக்குத்தான். சிரிக்கவெண்டுதான் நிண்டனான், சிரிப்பு வரேல்லை. வண்டிலையும் விட்டிட்டுப் போயிட்டன்.

பிறகு சொல்லியிருக்கலாம். முதல் கடிதம் வந்த அண்டைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் இருந்தனான். ஆனால் அதுக்கிடையிலை அந்தத் துளைக்கிற மெசின், அந்த வட்டங்கள், அந்தப் பிள்ளையள்… அவன் திரும்பி வந்தால் நான் திரும்பக் கழுவுற தொட்டிக்குப் போகவேணும். அவ்வளவுதான். அதாலை வாயை மூடிக்கொண்டிருந்தன். நான்! வாயை மூடிக்கொண்டு!

இல்லை, குமுதினி கேட்டாப் பிறகு சும்மா இருக்கேல்லை ஃபாதர். வியாழக்கிழமை டி.எல்.ஆர் ரெயின் பிடிச்சு, மாறி மாறி, பார்க்கிங்குக்குப் போனன். அவன்ரை வீட்டிலை, குமுதினிக்கு முன்னாலை, இருந்த கதிரையிலை இருந்தபடி சொன்னன்: "தம்பி, அற்புதமும் இல்லை, ஒண்டும் இல்லை. நான் வேணுமெண்டு மாத்தினனான். உம்மை மாட்டிவிடத்தான்." அவன் என்னைப் பாத்தான். நான் நினைச்சன் அடிக்கப்போறான் எண்டு. எழும்பி வந்து என்ரை ரண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு, "அக்கா, கர்த்தர் உங்கடை கையைப் பாவிச்சிருக்கிறார்" எண்டான்! நான் சொன்னன், "கர்த்தர் இல்லையடா, எரிச்சல்!" அவன் சொல்லுறான், "கர்த்தர் பிலேயாமின்ரை கழுதையைக் கொண்டும் பேசினவர் அக்கா" எண்டு. என்னைக் கழுதை எண்டுறான் ஃபாதர்! அதுவும் அன்பா! குமுதினி மட்டும் குசினிக்குள்ளை போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா. பிறகு வெளியிலை வந்து அவனுக்குச் சொன்னா, கழுதையே வந்து சொல்லிப்போட்டுது, திங்கக்கிழமை வேலைக்குப் போங்கோ எண்டு.

வெள்ளிக்கிழமை மிஸ்டர் ஹலமிட்டைப் போனன். சொன்னன். அந்தாள் வெளுத்துப்போனார். ஏனெண்டால் குப்பையிலை போடெண்டு தந்திட்டு, பிறகு பாக்காமல் விட்டது அவர்தானே. கதவைச் சாத்திப்போட்டு ஒரு போம் எடுத்தார். காரணம் எண்ட இடத்திலை "ஹியூமன் எரர்" எண்டு எழுதினார். நான் சொன்னன், "நொட் எரர், மிஸ்டர் ஹலம். ஐ டிட் இற். ஒன் பேர்ப்பஸ்." அவர் சொன்னார், "மற்றி, யூ ஆர் அப்செற். கோ ஹோம், ஹாவ் எ கப் ஒப் ரீ." போமிலை கையெழுத்து வாங்கினார், அதிபருக்குக் குடுத்தார், முடிஞ்சுது. நத்தை மனிசனுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போகுது. அம்மாமாருக்கு ஒரு நன்றிக் கடிதம், கேக்குக்கு. புவனேசன் திங்கக்கிழமை வாறான்.

இப்ப விளங்குதே என்ரை கரைச்சல்? அவர் அதைப் பிழை எண்டிட்டார். இவன் அதை அற்புதம் எண்டிட்டான். நான் ஒழுங்கா யோசிச்சு, எரிச்சலோடை, முழு அறிவோடை, முழுச் சம்மதத்தோடை செய்த பாவம் ஃபாதர்! இதைப் பாவமெண்டு ஒத்துக்கொள்ள இந்த லண்டனிலை ஒரு மனிசரும் இல்லை. நீங்களாவது ஒத்துக்கொள்ளுங்கோ.

…ஒத்துக்கொள்ளுறியளோ? ஸ்தோத்திரம். நல்லாயிருப்பியள்.

…மனஸ்தாபமோ? இருக்கு. புவனேசனுக்குச் செய்ததுக்கு இருக்கு. குமுதினியை அழவைச்சதுக்கும் இருக்கு. மூண்டு கிழமை மூடிக்கொண்டிருந்ததுக்கும் இருக்கு. ஆனால் அந்த ஆறு பாடத்துக்கு… இல்லை ஃபாதர். பொய் சொல்லேலாது, அதுவும் இஞ்சை வைச்சு. அந்தப் பெடியன் எழும்பி நிண்டதுக்கு என்னாலை துக்கப்பட ஏலாது. அது பாவமெண்டால் அதை நான் இண்டைக்குக் கொண்டு வரேல்லை, வீட்டிலை வைச்சிட்டு வந்திட்டன்.

…அது பாவமில்லையோ? அப்பாடி.

சரி, அபராதத்தைச் சொல்லுங்கோ. முழங்கால் விட்டுப்போச்சு. முழுச் செபமாலையோ? ரண்டோ? …அதில்லையோ? …என்ன? …திங்கக்கிழமையோ? …அவன்ரை வகுப்பிலையோ? பின் வாங்கிலை… அவன் கூர்ப்பு படிப்பிக்கேக்கை… நானோ? …வாயைத் திறக்காமலோ?!

முழுப் பாடமுமோ ஃபாதர்? அவன் பிழை விட்டால்? "சயன்டிஸ்ற்ஸ் சே" எண்டால்? இருமக்கூட ஏலாதோ? …ஃபாதர், கொஞ்சம் இரக்கம் வையுங்கோ. அதை விட்டிட்டு எனக்கு ஒரு பத்துச் செபமாலை தாங்கோ. பதினைஞ்சு தாங்கோ. முழங்காலிலை ஊரிலை மடு மாதா கோயில் மட்டும் போகச் சொல்லுங்கோ, போறன்… ஃபாதர்? …ஃபாதர், நீங்கள் என்ன, சிரிக்கிறியளோ?